சாயங்காலம் ஆனாலே அழும் 5 வாரக் குழந்தை, எப்படிச் சமாளித்தீர்கள்?

அக்காக்களுக்கும் தோழிகளுக்கும் வணக்கம். என் மகள் பிறந்து 5 வாரம் ஆகிறது. சாயங்காலம் 6 மணிக்கு அழத் தொடங்கினால் 9, 10 மணி வரை நிற்காது. முகம் சிவந்து, காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிடுகிறாள். பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் வரவைத்து, தூளியில் ஆட்டி எல்லாம் பார்த்துவிட்டேன்.

டாக்டரிடம் காட்டினோம். காய்ச்சல் இல்லை, எடை நன்றாக ஏறுகிறது. இந்த அழுகை 6 வார வாக்கில் உச்சத்துக்குப் போய், 3, 4 மாதத்தில் தானாகக் குறையும் என்றார். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான் என்பதால் அம்மா சொல்லும் ஓமத் தண்ணீரை நான் கொடுக்கவில்லை. அதில் வீட்டில் தினமும் மனத்தாங்கல்.

உண்மையைச் சொல்கிறேன். நேற்று இரவு அவள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. பயந்துபோய், அவளைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் ஐந்து நிமிடம் அழுதேன். எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் பச்சைக் குழந்தையைக் குலுக்கவே கூடாது என்று டாக்டர் ஏன் சொன்னார் என்பது அப்போதுதான் புரிந்தது.

இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள். அந்த மூன்று, நான்கு மணி நேரத்தை எப்படி ஓட்டினீர்கள்? பெரியவர்கள் மனம் நோகாமல் எப்படிப் பேசினீர்கள்? அப்புறம், எனக்குப் பகலிலும் காரணமில்லாமல் கண்ணீர் வருகிறது. இதற்கு முதலில் யாரைப் பார்ப்பது, பிரசவம் பார்த்த டாக்டரையா, மனநல டாக்டரையா?