பகலில் எக்செல், ராத்திரி கேம்: ஓஎல்இடி மானிட்டர் வாங்கலாமா?

நொய்யல்கரை (திருப்பூர்) கேட்டது:

வணக்கமுங்க. எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்துதான். காலையிலிருந்து சாயங்காலம் வரை எக்செல், மெயில், டெக் பேக் (உடையின் அளவு, துணி விவரம்) பிடிஎஃப் என்று வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிற பிழைப்பு. ராத்திரி சாப்பிட்டபின் வாலரண்ட் கேம். ஞாயிற்றுக்கிழமை கதையோடு போகிற பெரிய கேம்கள்.

இப்போது இருப்பது 24 இன்ச் ஐபிஎஸ் எல்சிடி, 1080பி ரெசல்யூஷன். கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4070. பட்ஜெட் ஒரு லட்சம், பிடித்துவிட்டால் கொஞ்சம் ஏறலாம். 27 இன்ச் 1440பி, 32 இன்ச் 4கே, 34 இன்ச் வளைந்த அல்ட்ராவைடு என்று மூன்றுக்கும் நடுவில் நிற்கிறேன். மூன்றுமே ஓஎல்இடி.

காந்திபுரத்தில் ஒரு கடையில் டெமோ பார்த்ததிலிருந்து வீட்டு மானிட்டரில் கறுப்பெல்லாம் சாம்பலாகத் தெரிகிறது. ஆனால் ஒரே வருசத்தில் எக்செல் கட்டம் திரையில் பதிந்துவிடும் என்று ஆபீஸில் பயமுறுத்துகிறார்கள். நிஜமா? இன்னொன்று, டையிங்கிலிருந்து வரும் லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துணி) போட்டோவில் ஷேடு சரியாகத் தெரிந்தால் வேலைக்கும் உதவுமே என்று ஒரு ஆசை.

பீளமேடு பிக்சல் (கோவை):

பதிவது நிஜம்தான். ஒரு வருசத்தில் பாழாகிவிடும் என்பது மிகை. ஓஎல்இடியில் பின்னாலிருந்து அடிக்கிற லைட் கிடையாது, ஒவ்வொரு பிக்சலும் தானே எரிகிறது. எரிய எரியத் தேய்கிறது. டாஸ்க்பார் மாதிரி ஒரே இடத்தில் ஒரே படம் நாள் முழுக்க நின்றால் அந்த இடம் மட்டும் வேறு வேகத்தில் தேயும். வேலைக்கென்றே கவனிப்பில்லாமல் ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்வதும் இதுதான்: முதலில் தெரிவது சாம்பல் பின்னணியில் டாஸ்க்பார் தடம், இரண்டு விண்டோவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை செய்தால் நடுவில் ஒரு மெல்லிய கோடு. கேமில் அது கண்ணில் படாது. வெறும் சாம்பல் நிறத்தைத் திரை முழுக்கப் போட்டால்தான் தெரியும்.

அதனால் கேமை வைத்து முடிவு செய்யாதீர்கள், பகல் வேலையை வைத்துச் செய்யுங்கள். கேமுக்கு மூன்றுமே பிரமாதமாகத்தான் இருக்கும். மூன்று விஷயம் சொல்லுங்கள். ஜன்னல் எந்தப் பக்கம்? பழைய 24 இன்ச்சை விற்கப் போகிறீர்களா? வேலை முடிந்ததும் மானிட்டரை எப்படி ஆஃப் செய்கிறீர்கள்?

சாயக்காரன் (பெருந்துறை):

தம்பி, மற்றதெல்லாம் மற்றவர்கள் சொல்லட்டும். ஷேடுக்காக என்று சொல்லி ஒரு ரூபாய்கூட அதிகம் போடாதீங்க. போட்டோ எடுத்த போனே பாதிக் கலரை மாற்றிவிடுகிறது, பிறகு மானிட்டர் எவ்வளவு நல்லதாக இருந்து என்ன? லேப் டிப்பை லைட் பாக்ஸில் பகல் வெளிச்சம் மாதிரி டி65லயும், கடை டியூப்லைட் மாதிரி டிஎல்84லயும் வைத்துத்தான் பாக்கோணும். ஒரு விளக்கில் ஒத்துப்போன துணி இன்னொன்றில் ஓடிவிடும். அதை எந்தத் திரையும் காட்டாது. ஸ்கிரீனைப் பார்த்து அப்ரூவல் கொடுத்துவிட்டு அப்புறம் லாட்டே ரிஜெக்ட் ஆனால் எங்கள் தலையில்தான் விழும்.

நொய்யல்கரை:

சரிங்கண்ணா, ஷேடு ஆசையை விட்டுவிட்டேன் 😀

ஜன்னல் எனக்குப் பின்னால், கிழக்குப் பக்கம். காலையில் வெயில் நேராகத் திரையில் விழும். பழைய மானிட்டரை விற்பதைப் பற்றி யோசிக்கவில்லை. வேலை முடிந்ததும் ஸ்விட்ச் போர்டிலேயே ஆஃப். எங்கள் வீட்டில் எது ஓடவில்லையோ அதன் ஸ்விட்ச் அணைந்திருக்க வேண்டும், அம்மா போட்ட சட்டம்.

பீளமேடு பிக்சல்:

மூன்றாவது பதிலுக்காகத்தான் கேட்டேன். இந்த மானிட்டர்கள் தேய்மானத்தை அளந்து சரிக்கட்டுவதற்கு பிக்சல் ரிஃப்ரெஷ் என்று ஒன்று ஓட்டும். பல மாடல்களில் மொத்தமாக 4 மணி நேரம் ஓடியதும் ஞாபகப்படுத்தும். நீங்கள் ஸ்டாண்ட்பைக்குப் போனபின் சில நிமிடம் தானே வேலை பார்த்துக்கொள்ளும். போர்டில் அணைத்தால் அதற்கு வழியே இல்லை. நம் ஊரில் இதைக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை, வெளிநாட்டு ரிவ்யூவிலும் அதிகம் வராது, ஏனென்றால் பல ஊர்களில் பிளக்கில் ஸ்விட்சே கிடையாது. அம்மாவிடம் பேசி அந்த ஒரு ஸ்விட்சுக்கு மட்டும் விலக்கு வாங்குங்கள். மாதாந்திர மின்தடை நாளைப் பற்றிக் கவலை வேண்டாம், அடுத்த முறை ஓடிக்கொள்ளும். தினமும் துண்டிப்பதுதான் தப்பு.

அடுத்து ஜன்னல். ஓஎல்இடியில் இரண்டு ஜாதி. சாம்சங் டிஸ்ப்ளே செய்யும் கியூடி-ஓஎல்இடி, எல்ஜி டிஸ்ப்ளே செய்யும் டபிள்யூ-ஓஎல்இடி. மானிட்டர் மேல் எந்த பிராண்ட் பெயர் இருந்தாலும் உள்ளே பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். கியூடியில் கலர் தூக்கல், ஆனால் போலரைசர் (வெளி வெளிச்சத்தை விழுங்கும் படலம்) கிடையாது. வெளிச்சம் திரையில் விழுந்தால் கறுப்பு லேசாக ஊதா கலந்த சாம்பலாகிவிடும். நீங்கள் கடையில் மயங்கிய அந்தக் கறுப்பு காலை வெயிலில் காணாமல் போகும். டபிள்யூ அந்த வெளிச்சத்திலும் கறுப்பைக் காப்பாற்றும். உங்கள் அறைக்கு டபிள்யூ. இல்லையென்றால் மேசையைத் திருப்பிப் போடுங்கள்.

பவானி ஆத்தோரம் (ஈரோடு):

நான் எதிர்க்கட்சி. நாளெல்லாம் எக்செல் என்றால் ஓஎல்இடியே வேண்டாம் என்பேன். இரண்டு காரணம். முதலாவது எழுத்து. சாதாரண எல்சிடியில் சிவப்பு, பச்சை, நீலம் வரிசையாக இருக்கும், விண்டோஸ் கிளியர்டைப்பும் அதை நம்பித்தான் எழுத்தை வரைகிறது. கியூடி பலவற்றில் முக்கோணமாக அடுக்கியிருக்கிறார்கள். டபிள்யூவில் கூடவே ஒரு வெள்ளையும் உண்டு. அதனால் எழுத்தின் ஓரத்தில் கலர் நூல் பிரிந்த மாதிரி தெரியும். இரண்டாவது வெளிச்சம். திரை முழுக்க வெள்ளை என்றால் கியூடி பலவற்றில் சுமார் 250 நிட்ஸ் வெளிச்சத்தோடு நின்றுவிடும். நல்ல மினி எல்இடி (பின்னால் பல சின்ன விளக்கு வைத்த எல்சிடி) வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை, பதியும் பயமும் இல்லை. இருட்டுக் காட்சியில் நட்சத்திரத்தைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும், அவ்வளவுதான்.

பீளமேடு பிக்சல்:

எழுத்து விஷயம் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அது அளவைப் பொறுத்தது. 27 இன்ச் 1440பியிலும் 34 இன்ச் அல்ட்ராவைடிலும் இன்ச்சுக்கு சுமார் 110 பிக்சல், நூல் தெரியும். 32 இன்ச் 4கேயில் 140ஐத் தொடும், உட்கார்ந்து பார்க்கும் தூரத்தில் கவனித்துப் பார்த்தால்தான் உண்டு. வெளிச்சக் குறையை நான் பெரிதாக எடுக்கவில்லை. வீட்டு அறையில் வேலைக்கு 120 நிட்ஸ் போதும், குறைவாக வைத்தால் தேய்மானமும் குறைவு.

ஆக, எக்செலும் இதே திரையில்தான் என்றால் 32 இன்ச் 4கே. பழைய 24ஐப் பக்கத்தில் வைத்து எக்செலை அங்கே தள்ளுவதாக இருந்தால் 27 இன்ச் 1440பி போதும், காசும் மிச்சம். இரண்டாவதுதான் என் சிபாரிசு. 4கே என்றால் 1440பியைவிட இரண்டேகால் மடங்கு பிக்சல். பெரிய கேம்களில் 4070க்கு மூச்சு வாங்கும், டிஎல்எஸ்எஸ் (குறைந்த பிக்சலில் வரைந்து பெரிதாக்கும் என்விடியா வசதி) போட்டுத்தான் ஓட்ட வேண்டும். கேபிள் பயம் வேண்டாம், 4கே 240 ஹெர்ட்ஸைக்கூட (நொடிக்கு 240 படம்) டிஸ்ப்ளே போர்ட் 1.4லயே டிஎஸ்சி சுருக்கத்தோடு இந்தக் கார்டு அனுப்பிவிடும்.

34 அல்ட்ராவைடு எக்செலில் நெடுவரிசை நிறையத் தெரிய நன்றாகத்தான் இருக்கும், ஆனால் எழுத்துக் குறை அதிலும் அப்படியே. வரி என்று பார்த்தால் இப்போது வித்தியாசம் இல்லை. 32 இன்ச்சுக்கு மேல் 28 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் 18.

வாங்கும்போது ஒன்று: பர்ன்-இன்னுக்கு (திரையில் பதியும் தடத்துக்கு) வாரண்டி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பல கம்பெனிகள் 3 வருசம் தருகின்றன, ஆனால் இந்திய வாரண்டி அட்டையில் அந்த வரி இருக்க வேண்டும். கடைக்காரர் வாயால் சொல்வது கணக்கில் வராது.

நொய்யல்கரை:

வாங்கியாச்சுங்க. 27 இன்ச், 1440பி, 240 ஹெர்ட்ஸ், டபிள்யூ-ஓஎல்இடி. எக்செல் பழைய 24ல். புதியதில் டார்க் மோட், டாஸ்க்பார் தானே மறையும்படி, வால்பேப்பர் வெறும் கறுப்பு, 5 நிமிடம் தொடவில்லை என்றால் திரை அணையும். ஸ்விட்ச் மேல் அம்மாவுக்குத் தெரிய ஒரு டேப் ஒட்டியாச்சு. வாலரண்ட் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆள் ஓடும்போது இழுபடுவதே இல்லை.

ஆனால் ஒரு பிரச்சினை. பெரிய கேமில் குகை, ராத்திரி மாதிரி இருட்டான இடங்களிலும் லோடிங் ஸ்கிரீனிலும் திரை மினுக் மினுக் என்கிறது. பகல் காட்சிகளில் இல்லை. பீஸே கோளாறா? மாற்றித் தரச் சொல்லட்டுமா?

பவானி ஆத்தோரம்:

எதிர்க்கட்சி சும்மா இருந்தாலும் கேள்வி தானே வருகிறது பாருங்கள். ஜி-சிங்க் ஆனில் இருக்கிறதா?

பீளமேடு பிக்சல்:

அவர் கேட்டதுதான் விடை. பீஸ் கோளாறு இல்லை, எல்லா ஓஎல்இடியிலும் உள்ள குணம். ஜி-சிங்க் ஆனில் இருந்தால் ஃப்ரேம் வருகிற வேகத்துக்கு ஏற்ப ஹெர்ட்ஸ் ஏறி இறங்கும். ஹெர்ட்ஸ் மாறும்போது அடர் சாம்பல் நிறங்களின் வெளிச்சமும் துளி மாறுகிறது. ஃப்ரேம் 60க்கும் 140க்கும் துள்ளினால் அது மினுக்கலாகத் தெரியும். என்விடியா கன்ட்ரோல் பேனலில் அந்த கேமுக்கு மட்டும் மேக்ஸ் ஃப்ரேம் ரேட்டை, கார்டு எப்போதும் தாங்குகிற எண்ணில் கட்டிவிடுங்கள். 80 தாங்குமென்றால் 80. அப்படியும் உறுத்தினால் அந்த கேமுக்கு ஜி-சிங்கை அணைத்துவிடலாம்.

நொய்யல்கரை:

80ல் கட்டினேன், குகையில் நின்றுவிட்டதுங்க. லோடிங் ஸ்கிரீனில் மட்டும் இன்னும் லேசாக இருக்கிறது, அது பரவாயில்லை. துடைக்க என்ன போடுவது? வீட்டில் கண்ணாடி துடைக்கிற ஸ்பிரே இருக்கிறது.

பீளமேடு பிக்சல்:

ஸ்பிரே வேண்டவே வேண்டாம், மேல் பூச்சு போய்விடும். காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் துடையுங்கள். விரல் ரேகை போகவில்லை என்றால் துணியின் ஓரத்தை லேசாகத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள்.

சாயக்காரன்:

கம்பெனி பனியன் வேஸ்ட்டை எடுத்துத் துடைத்துவிடாதே தம்பி.