மொன்செராட் போனவர்கள், அந்த ஊர்க்காரர்களைச் சந்தித்தவர்கள் இருக்கிறீர்களா?

ஆன்டிகுவா மாணவன்:

ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது, இன்றைக்கு எழுதிவிடுகிறேன். ஆன்டிகுவாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது, 2019 மார்ச்சில் நான்கு பேர் சேர்ந்து படகு ஏறி, கரீபியக் கடலில் பக்கத்திலேயே இருக்கும் பிரிட்டிஷ் தீவான மொன்செராட் போனோம். குடிவரவில் பாஸ்போர்ட்டில் மூன்றிலை வடிவத்தில் பச்சை முத்திரை குத்தினார்கள். 1995இல் எரிமலை வெடிக்கத் தொடங்கி, தலைநகர் பிளிமத் சாம்பலில் புதைந்த கதை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை.

நாங்கள் தங்கிய ஊரின் பெயர் சேலம். நம் சேலத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, ஆனாலும் பலகையைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். ஒரு நாள் மாலை அவரே வண்டி ஓட்டி எங்களை கரிபால்டி குன்றுக்குக் கூட்டிப் போனார். கீழே பிளிமத் தெரிந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு வெளி, அதில் அங்கங்கே கூரைகள், அதற்கப்பால் கடல். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அவர் விரலை நீட்டி, "அது பார்லிமென்ட் தெரு. அங்கே மணிக்கூண்டு. அதற்குக் கொஞ்சம் தள்ளி என் தையல் கடை" என்றார். அவர் காட்டிய இடத்தில் கூரைகூட இல்லை.

அப்புறம் சொன்னார்: "ஒரு கல்யாண கவுன் உள்ளே இருக்கிறது. கை மட்டும்தான் பாக்கி. முன்பணம் வாங்கிவிட்டேன்."

1995 ஆகஸ்டில் ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள், போனார்கள், திரும்பி வந்தார்கள். டிசம்பரிலும் அப்படித்தான். அதனால் 1996 ஏப்ரலில் கிளம்பியபோதும் ஒரு வாரத்தில் வந்துவிடலாம் என்று கவுனை மேசையிலேயே துணி போட்டு மூடிவிட்டு வந்திருக்கிறார். கல்யாணப் பெண் என்ன ஆனாள் என்று நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இன்றும் உறுத்துகிறது.

தஞ்சாவூர் நர்ஸ்:

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் பழைய நினைவு ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் அந்தத் தீவுக்குப் போனதில்லை. 1999இல் லண்டனில் ஒரு மருத்துவமனையில் வேலை. ஸ்டோக் நியூயிங்டன் பக்கம் மொன்செராட்காரர்கள் ஏற்கெனவே நிறைய இருந்தார்கள், எரிமலைக்குப் பிறகு இன்னும் பலர் வந்து சேர்ந்தார்கள். அப்படி வந்த ஒரு பாட்டி எங்கள் வார்டில் மூன்று வாரம் இருந்தார். மூச்சுக் கோளாறு.

தினமும் காலையில் கண் விழித்ததும் எழுந்து உட்கார்ந்து, ஜன்னல் விளிம்பில் ஒரு விரலை இழுத்து, விரலைப் பார்ப்பார். பிறகுதான் டீ. முதலில் சுத்தம் சரியில்லை என்று குறை சொல்கிறார் என நினைத்து நான் துணி கொண்டு துடைத்தேன். அவர் தலையை ஆட்டினார். ராத்திரி சாம்பல் விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறாராம். விழுந்திருந்தால் தண்ணீர்த் தொட்டியை மூட வேண்டும், துணி காயப் போடக் கூடாது, கூரையில் கனம் ஏறுவதற்குள் யாராவது ஏறித் தள்ள வேண்டும். லண்டனில் சாம்பல் விழாது என்பது அவருக்குத் தெரியும். விரலுக்குத்தான் தெரியவில்லை.

டிஸ்சார்ஜ் ஆன நாளில் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தபிறகும், ஒரு நிமிடம் என்று நிறுத்தி, அதே விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

கடலோடி:

நான் பார்த்தது அந்தச் சாம்பலைத்தான். 2010 பிப்ரவரி 11. எங்கள் கப்பல் பிரெஞ்சுத் தீவான குவாடலூப்பில், பாயின்ட் ஆ பீட்ர் துறைமுகத்தில் கட்டியிருந்தது. மொன்செராட் அங்கிருந்து வடமேற்கே இருக்கிறது, நடுவில் கடல்தான். அங்கே எரிமலை வாயில் குழம்பு இறுகி எழுந்திருந்த குவிமாடம் இடிந்து விழ, இங்கே எங்கள் டெக் முழுக்க சாம்பல் மாவு சலித்தது போலக் கொட்டியது.

புதுப் பையன் ஒருவன் தீயணைப்புக் குழாயை எடுத்துக் கழுவ ஓடினான். டெக் ஆட்களின் மேஸ்திரியான போசன் கத்தின கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. எரிமலைச் சாம்பலில் தண்ணீர் பட்டால் சிமென்ட் குழம்பு மாதிரி ஆகிவிடும். ஸ்கப்பர் ஓட்டைகளில் இறங்கி இறுகினால் டெக்கில் தண்ணீர் வடியாது. எஞ்சின் அறைக் காற்றாடிகளை நிறுத்தி, ஜெனரேட்டர் ஃபில்டர்களை மாற்றி, முடிந்தவரை மண்வாரியால் வாரிச் சாக்கில் கட்டினோம்.

எங்களுக்குக் கைகொடுத்த துறைமுகத் தொழிலாளி ஒருவர், சட்டைப் பையில் பெயர் தைத்திருந்தது. பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் அச்சு அசல் தமிழ்ப் பெயர். நான் தமிழில் பேசிப் பார்த்தேன், சிரித்தார், ஒரு வார்த்தை புரியவில்லை. கை நிறைய சாம்பலை அள்ளிக் காட்டி, எங்கள் மலை இல்லை, பக்கத்து வீட்டு மலை என்றார். குவாடலூப்பின் எரிமலைக்கும் சூஃப்ரியேர் என்றுதான் பெயர், மொன்செராட்டினுடையது சூஃப்ரியேர் குன்றுகள். 1976இல் குவாடலூப் மலை புகைந்தபோது 70 ஆயிரம் பேருக்கு மேல் மாதக்கணக்கில் வீட்டை விட்டுப் போயிருந்தார்கள், பெருவெடிப்பு வரவில்லை, திரும்பி வந்துவிட்டார்கள். இவர் அப்போது சின்னப் பையனாம். சொல்லிவிட்டு வடமேற்கைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார்.

வேலூர்வாசி:

அப்படியானால் மொன்செராட்டிலும் நம் ஆட்கள் கரும்புத் தோட்ட வேலைக்குப் போயிருப்பார்கள், இல்லையா? தையல்கார அம்மாவின் முன்னோர்கூட தமிழர்களாக இருக்கலாம்.

கடலோடி:

இல்லை ஐயா. ஆசையாக இருக்கிறது என்பதற்காக எல்லா இடத்திலும் நம்மைத் தேடக் கூடாது. 1854 முதல் 1880களின் கடைசிவரை 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகப் பிரெஞ்சுக்காரர்கள் ஏற்றிப் போனது குவாடலூப்புக்கு. பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். அங்கே பிறந்த அவர்கள் பிள்ளைகளுக்கு பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு ஹென்றி சிதம்பரம் 1904இலிருந்து 1923வரை வழக்காடினார். அது தனிக் கதை, அதற்குத் தனியாகவே எழுத வேண்டும். மொன்செராட் பிரிட்டனின் தீவு. அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அந்த அம்மாவின் துயரம் நமக்குப் புரிய அவர் தமிழராக இருக்க வேண்டியதில்லை.

டப்ளின் தமிழன்:

முதல் பதிவில் அந்தப் பச்சை முத்திரையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அந்த மூன்றிலை அயர்லாந்தின் சின்னம். அதில்தான் என் கதை இருக்கிறது.

நான் அயர்லாந்தில் வேலை பார்க்கிறேன். அயர்லாந்தின் காவல் புனிதரான பேட்ரிக்கின் நாளுக்கு, மார்ச் 17க்கு, அயர்லாந்துக்கு வெளியே அரசு விடுமுறை விடும் தீவு என்று கேள்விப்பட்டு, அலுவலக நண்பர்களோடு மொன்செராட் போனேன். பச்சைத் தொப்பி, பச்சைச் சட்டை, எல்லாம் போட்டுக்கொண்டு ஊர்வலத்தில் நின்றேன். மாஸ்கரேட் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். மயிலிறகு செருகிய உயரமான தலைக்கிரீடம், உடம்பெல்லாம் ரிப்பன், கையில் சாட்டை. சாட்டை தரையில் வெடிக்கும் சத்தம் நெஞ்சில் விழுந்தது.

பக்கத்தில் நின்ற ஒரு ஆசிரியை, "இது யாருக்காக என்று தெரியுமா?" என்று அமைதியாகக் கேட்டார். புனித பேட்ரிக்குக்கு என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 1768 மார்ச் 17. தோட்ட முதலாளிகள் குடித்துக் கொண்டாடும் நாள் அது என்பதால் அன்றைக்குக் கிளர்ந்தெழ அடிமைகள் திட்டமிட்டார்கள். பேசிக்கொண்டது ஒரு தையல்காரியின் காதில் விழுந்து, வெளியே தெரிந்துவிட்டது. ஒன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள். முதலாளிகளில் பலர் அயர்லாந்துக்காரர்கள்.

இந்தத் தீவுக்கு வந்த அயர்லாந்துக்காரர்களிலும் பலர் ஆங்கிலேயருக்குக் கட்டுப்பட்ட வேலையாட்களாக வந்தவர்கள்தான். 1678 கணக்கெடுப்பில் இங்கிருந்த வெள்ளையரில் பெரும்பான்மை அவர்களே. பிறகு நிலம் கிடைத்ததும் அவர்களே ஆட்களை விலைக்கு வாங்கினார்கள். இன்று தீவில் கேட்கும் ரைலி, ஸ்வீனி போன்ற குடும்பப் பெயர்கள் பலவும் அப்படி வந்தவை. 1985இலிருந்து அந்த நாள் அரசு விடுமுறை, அந்த ஒன்பது பேர் நினைவாகவும்.

ஆசிரியை கோபப்படவில்லை. நான்தான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். மீதி ஊர்வலத்தை அப்படியே பார்த்தேன். ஊருக்கு வந்து அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, அயர்லாந்து நண்பர்களில் ஒருவருக்குக்கூட இது தெரிந்திருக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

மலைக்குருவி:

எல்லோரும் செத்த ஊரைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் பறவை பார்க்கப் போனவள். சென்டர் ஹில்ஸ் காட்டில் மொன்செராட் ஓரியோலைப் பார்த்தேன். உலகத்திலேயே அந்தத் தீவில் மட்டும் இருக்கும் பறவை, கறுப்பும் மஞ்சளும். எரிமலை அதன் காட்டில் பாதிக்கு மேல் அழித்தது. மிஞ்சிய காட்டில், வாழை இனச் செடி ஒன்றின் இலைக்கு அடியில் கூட்டைத் தைத்துத் தொங்கவிட்டிருந்தது. ஆமாம், தைத்துத்தான். என் அனுபவம் இவ்வளவே.

ஆனால் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் "புதைந்த தீவு" என்று படித்துவிட்டு ஒரே நாளில் படம் எடுத்துத் திரும்புகிறார்கள். தீவு மொத்தமே 102 சதுர கிலோமீட்டர். தெற்கே பாதிக்கும் மேல், எரிமலை அபாயத்தால் யாரும் போகக் கூடாத தடைப் பகுதி. வடக்கே நாலாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்கிறார்கள், எரிமலைக்கு முன்னால் 11 ஆயிரத்துக்கு மேல் இருந்தார்கள். அரசு அலுவலகங்கள் பிராட்ஸில், புதுத் துறைமுகம் லிட்டில் பேயில். பழைய விமான நிலையம் 1997இல் அழிந்தது, 2005இல் வடக்கே புதியதைத் திறந்தார்கள், சின்ன விமானத்தில் ஆன்டிகுவாவிலிருந்து இருபது நிமிடம். கிழக்குக் கரீபிய டாலர்தான் செலாவணி, அமெரிக்க டாலருக்கு 2.70.

பிளிமத்துக்குள் வழிகாட்டியும் அனுமதியும் இல்லாமல் போகாதீர்கள். வேலி ஓரமாக நுழைந்து பார்த்தேன் என்று பெருமை பேசுபவர்களை எனக்குத் தெரியும். 1997 ஜூன் 25 அன்று எரிமலை சீறியதில் இறந்த 19 பேரும் தடைப் பகுதிக்குள் இருந்தவர்கள். பலர் பயிரைப் பார்க்கப் போனவர்கள். அவர்கள் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. வீட்டைக் காலி செய்துவிட்டு வடக்கே சர்ச்சிலும் பள்ளிக்கூடத்திலும் நெருக்கியடித்துத் தங்கியிருந்தவர்களுக்குக் காய்கறி வேண்டியிருந்தது, நிலம் அங்கேதான் இருந்தது. நீங்கள் போய் நிற்கும் இடம் அது. கிழக்குப் பக்கம் ஜாக் பாய் குன்றிலிருந்து பழைய ஓடுதளம் இருந்த இடத்தைப் பத்திரமாகப் பார்க்கலாம்.

கோட் வாட்டர் சாப்பிடுங்கள். ஆட்டுக்கறியில் கிராம்பும் தைமும் போட்டு விறகடுப்பில் வெகுநேரம் கொதிக்கவைக்கும் குழம்பு, ரொட்டியோடு தருவார்கள். "மலைக்கோழி" கிடைக்குமா என்று மட்டும் கேட்காதீர்கள். அது கோழி இல்லை, பெரிய தவளை. முன்பு சாப்பிட்டார்கள். 2009இல் ஒரு பூஞ்சை நோய் வந்து காட்டில் அநேகமாக இல்லாமலே போய்விட்டது. ரன்அவே காட் ஊற்றில் தண்ணீர் குடித்தால் மறுபடியும் மொன்செராட் வருவீர்கள் என்பார்கள். குடியுங்கள்.

தஞ்சாவூர் நர்ஸ்:

செத்த ஊர் என்று நாங்கள் யாரும் எழுதவில்லையே அம்மா. நீங்கள் சொன்ன தகவல் எல்லாம் நல்லதுதான். ஆனால் வெளியே போன ஏழாயிரம் பேரும் அந்தத் தீவுதான். 1997, 98இல் பிரிட்டனுக்கு வந்தவர்களுக்கு முழுக் குடியுரிமைகூட அப்போது கிடையாது, 2002இல்தான் வந்தது. எங்கள் பாட்டி படிவத்தில் முகவரி எழுதும்போது பழைய வீட்டைத்தான் முதலில் எழுதுவார், பிறகு அடித்துவிட்டு லண்டன் முகவரி.

ஆன்டிகுவா மாணவன்:

எல்லோருக்கும் நன்றி. தங்கிய வீட்டின் எண் பழைய போனில் இருந்தது. நேற்றிரவு கூப்பிட்டேன். அவரே எடுத்தார். கல்யாணப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன். அவள் இங்கிலாந்து போய் லெஸ்டரில் கல்யாணம் செய்துகொண்டாளாம், கடையில் வாங்கிய கவுனில். முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்கிக்கொள்ளவில்லை. ஏப்ரலில் கிளம்பியபோது கைப்பையில் இவர் எடுத்து வந்தது அளவு நோட்டு ஒன்றைத்தான். "இரு" என்று சொல்லிவிட்டுப் போய் அதை எடுத்து வந்து, அந்தப் பெண்ணின் தோள், கை, இடுப்பு அளவுகளைப் போனிலேயே வாசித்தார்.

ஜன்னல் விளிம்பைத் தடவிய பாட்டியைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, பெயர் வேண்டாம், எந்த ஊர்க்காரர் என்று மட்டும் கேட்டுச் சொல் என்றார். அக்கா, ஞாபகம் இருக்கிறதா?

தஞ்சாவூர் நர்ஸ்:

கின்சேல். பிளிமத்துக்குத் தெற்கே, நடந்தே டவுனுக்குப் போய்விடலாம் என்பார். துணி தைக்கவும் டவுனுக்குத்தான் போவார்களாம்.