புதுப்பிப்பு: பரங்கி விதை மொறுமொறுப்பாக வந்துவிட்டது

பரங்கிக்காய் விதையை வறுத்தால் வெளியே கருகி உள்ளே சவசவவென்று இருக்கிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது உப்புத் தண்ணீர் யோசனைதான். ஒரு கப் விதைக்கு இரண்டு கப் தண்ணீர், ஒரு டீஸ்பூன் உப்பு. 10 நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து, துணியில் பரப்பி ஒரு பகல் முழுக்க வெயிலில் காயவைத்தேன். அப்புறம் இரும்பு வாணலியில், எண்ணெய் இல்லாமல், சின்னத் தீயில் வறுத்தேன். படபடவென்று வெடிக்க ஆரம்பித்ததும் இறக்கிவிட வேண்டும். உப்பு உள்ளே வரை இறங்கியிருக்கிறது. முன்பெல்லாம் மேலே தூவியது டப்பா அடியில்தான் கிடக்கும்.

எதிர்பாராதது ஒன்று: சூட்டோடு வாயில் போட்டால் மெத்தென்று இருந்தது. சரி, சொதப்பிவிட்டோம் என்று நினைத்தேன். ஆறியதும் மொறுமொறு! மிளகாய்த்தூளை முதலிலேயே போட்ட ஈடு மட்டும் கருகிக் கசந்தது. அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள்.