1168 தீயில்தான் ஃபுஸ்தாத் அழிந்ததா?

மண்ணடுக்கு:
1168 நவம்பரில் ஜெருசலேம் அரசர் அமல்ரிக் எகிப்தின் கெய்ரோவை நெருங்குகிறார். பக்கத்திலிருந்த பழைய தலைநகர் ஃபுஸ்தாத் அவர் கைக்குப் போகக்கூடாதென்று எகிப்தின் வசீர் (தலைமை அமைச்சர்) ஷாவர் அதற்குத் தீ வைக்கச் சொல்கிறார். 20,000 நஃப்தா (எரி எண்ணெய்) குடுவை, 10,000 தீப்பந்தம், 54 நாள் எரிந்தது என்கிறார் வரலாற்றாசிரியர் மக்ரீஸி. ஆனால் அவர் எழுதியது 15ஆம் நூற்றாண்டில்! ரோமானியரின் பாபிலோன் கோட்டையை ஒட்டிய இந்த ஊரை 1912இலிருந்து அலி பஹ்கத்தும், 1964இலிருந்து ஸ்கான்லனும் தோண்டினார்கள். ஊர் முழுக்கப் பரவிய சாம்பல் அடுக்கு எங்கே? 1065–72 பஞ்சத்திலேயே ஊரின் பல பகுதிகள் காலியாகிவிட்டன. ஆளில்லாத வீடுகளின் கல்லையும் மரத்தையும் கெய்ரோவுக்கு எடுத்துப்போக அப்போதைய வசீர் பத்ர் அல்-ஜமாலி அனுமதித்தார்.

பானையோடு:
சாம்பல் இருக்க வேண்டிய மண்ணே அங்கே இல்லையே. பழைய ஊர்மேட்டு மண்ணை ‘செபாக்’ என்று வயலுக்கு உரமாக வெட்டி அள்ளிக்கொண்டு போனார்கள். பல இடங்களில் பாறை வரைக்கும் போய்விட்டது. மிச்சம் அஸ்திவாரம், வடிகால், பாறையில் குடைந்த கழிவுக்குழி. முதலில் போனதே மேலடுக்கு, அதாவது நமக்கு வேண்டிய 12ஆம் நூற்றாண்டுத் தரை.

மண்ணடுக்கு:
எல்லா இடமும் அப்படிப் போகவில்லை. 1980இல் தோண்டிய பகுதியில் அடுக்குகள் ஓரளவு கலையாமல் கிடைத்தன. அங்கே குடியிருப்பு 1100 வாக்கிலேயே நின்றுவிட்டது. இன்னொன்று, சுண்ணாம்புக்கல் 300 டிகிரி அளவில் சூடேறினால் அதிலுள்ள இரும்பால் இளஞ்சிவப்பாகும். ஆறினாலும் நிறம் திரும்பாது. அதையாவது காட்டுங்கள்.

பானையோடு:
எந்தக் கல்லில் காட்டுவது? தீ மேல்நோக்கி ஏறும். மண்ணுக்குள் இருக்கும் அஸ்திவாரத்துக்கு அந்தச் சூடு எட்டாது. சூடேறிய மேல்சுவரைத்தான் பிறகு கட்டடம் கட்டப் பெயர்த்துப் போனார்கள். ஒரு பேட்டை 1100இல் காலியானது என்றால் அந்தப் பேட்டைக்கு மட்டும்தான் பதில்.

குழிமேடு:
இரண்டு பேரும் கழிவுக்குழியை விட்டுவிட்டீர்கள். ஒரே மூச்சில் காலி செய்தால் எதுவும் தெரியாது. பாதியை மட்டும் வெட்டி, நிற்கும் பாதியில் அடுக்கைப் பார்த்து, மேல் 20–30 செ.மீ. மண்ணைத் தனியாக எடுத்து நீரில் அலச வேண்டும். கரி வந்தால் மட்டும் போதாது, அடுப்புச் சாம்பலும் கரிதான். கூடவே கருகிய கூரை மரமும் வெந்த சாந்துக் கட்டியும் வந்தால்தான் வீடு எரிந்ததாகக் கொள்ளலாம். இன்னொரு தொல்லை: குழியை அவ்வப்போது அள்ளித் தூர்வாருவார்கள், கைவிட்ட பிறகு வேறிடத்துக் குப்பையும் விழும். கலீஃபா பெயர் பொறித்த கண்ணாடி எடைக்கல் கிடைத்தால்கூட, அந்த மண் அதற்கு முந்தையதல்ல என்று மட்டுமே சொல்லலாம்.

மண்ணடுக்கு:
சரி, கெனிசா தாள்களுக்கு, அதாவது யூதத் தொழுகைக்கூடத்தில் போட்டுவைத்த பழைய தாள்களுக்கு, என்ன சொல்கிறீர்கள்? 1168க்குப் பிறகும் ஃபுஸ்தாத்தில் கடிதம், கணக்கு, வழக்கு எல்லாம் நடக்கிறது.

பானையோடு:
அந்தத் தாள்கள் இருந்த பென் எஸ்ரா தொழுகைக்கூடம் பாபிலோன் கோட்டைக்குள் இருப்பது. அந்த மூலை தப்பியது, அவ்வளவுதான். 1183இல் வந்த பயணி இப்னு ஜுபைரே தீயின் அழிவுத் தடம் கண்டதாக எழுதுகிறார்.

மண்ணடுக்கு:
அதே வரியில் பெரும்பகுதி மறுபடி கட்டப்பட்டுவிட்டது என்றும் எழுதுகிறார். அதை மட்டும் விட்டுவிடுவீர்கள்!

குழிமேடு:
பின்னர் எகிப்தை ஆண்ட சலாஹுத்தீன் 1176இல் தொடங்கிய மதில் இடிந்த வீடுகளின் மேலே ஓடும் இடத்தைப் பாருங்கள். செபாக் வெட்டியவர்கள் சுவருக்கு அடியில் கை வைத்திருக்க முடியாது. தீ இந்தப் பக்கம் வந்ததா என்று சோதிக்க அந்த மண்தான் தோது. ஆனால் அஸ்திவாரத்தைப் பாறை வரை இறக்கிய இடத்தில் தேடிப் பயனில்லை.