எடை குறையவில்லை, மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது: இது பலன்தானா?

கேள்வி (மூன்றாம் மாடி): வணக்கம். என் வயது 42, எடை 100 கிலோ. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சில மாதங்களாகக் காலையில் விடாமல் நடந்தும் எடை இறங்கவில்லை. ஆனால், காய்கறிப் பையுடன் மாடி ஏறும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றவன், இப்போது நிற்காமல் வீட்டு வாசல் வரை ஏறிவிடுகிறேன். அண்மையில் எடுத்த டிரெட்மில் பரிசோதனையில், உச்ச ஆக்சிஜன் பயன்பாடு நிமிடத்துக்கு, கிலோ ஒன்றுக்கு 25 மில்லிலிட்டர் என்றும் அது குறைவு என்றும் எழுதியிருக்கிறார்கள். எடையே குறையாதபோது நடந்து என்ன பயன் என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

மறுமொழி (உடலியங்கியல் ஆசிரியர்): ஐயா, பலன் உண்மையானது. தொடர்ந்த பயிற்சியால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தைத் தள்ளுகிறது, தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்களும், செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருகுகின்றன. இவை எதற்கும் எடை குறைந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அந்த 25 என்ற எண்ணைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். முழு முயற்சியில் உங்கள் உடல் பயன்படுத்தும் நிமிடத்துக்கு 2.5 லிட்டர் ஆக்சிஜனை 100 கிலோவால் வகுத்தால் வருவது அது. நீங்கள் பட்டினி கிடந்து 90 கிலோவுக்கு வந்தால், இதயமும் தசையும் சிறிதும் மேம்படாமலேயே அது ஏறக்குறைய 27.8 ஆகிவிடும், எடை அப்படியே இருந்து, பயிற்சியால் 2.9 லிட்டரை எட்டினால் 29 ஆகும். கொழுப்புத் திசு ஆக்சிஜனை மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறது, ஆனால் வகுக்கும் எண்ணில் முழுதாகச் சேர்ந்துவிடுகிறது. ஆகவே அடுத்த முறை மொத்த லிட்டர் அளவையும் கேட்டு வாங்குங்கள். மாடி ஏறும்போது முழு எடையையும் சுமக்க வேண்டியிருப்பதால், கிலோ கணக்கையும் ஒதுக்கிவிட முடியாது.

அமெரிக்காவின் டாலஸ் நகரில் உள்ள கூப்பர் உடற்பயிற்சி ஆய்வு நிலையத்தில் ஸ்டீவன் பிளேரும் சக ஆய்வாளர்களும் ஆண்களைப் பல ஆண்டுகள் கவனித்தபோது, உடல்திறன் குறைந்த ஒல்லியானவர்களைவிட உடல்திறன் மிக்க பருமனானவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. இது காரணத்தை நிரூபிக்கும் சோதனை அல்ல என்றாலும், உங்கள் வீட்டாரிடம் தயங்காமல் சொல்லலாம்.

மறுமொழி (இயன்முறை மருத்துவர்): மேலே சொன்னது சரி, ஆனால் ஒரே வேகத்தில் நடந்துகொண்டே இருந்தால் முன்னேற்றம் ஓரிடத்தில் நின்றுவிடும் என்பதை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியையும், இரண்டு நாளாவது தசை வலுவூட்டும் பயிற்சியையும் பரிந்துரைத்தது. அந்த நேரத்துக்குள்ளேயே சில நிமிடங்கள், இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் சேர்ந்தாற்போலப் பேச முடியாத அளவுக்கு வேகத்தைக் கூட்டி, பிறகு தணித்து, மீண்டும் கூட்டுங்கள். முட்டி வலித்தால் இதையே சைக்கிளிலோ நீச்சல் குளத்திலோ செய்யலாம்.

மறுமொழி (பொது மருத்துவர்): வேகத்தைக் கூட்டுமுன் உங்கள் மருத்துவரிடம் மாத்திரையின் பெயரைக் காட்டிக் கேளுங்கள். அது அட்டெனோலால், மெட்டோபிரோலால் போன்ற பீட்டா பிளாக்கராக இருந்தால் நாடித்துடிப்பை அடக்கி வைக்கும். அப்படியானால், உச்ச நாடித்துடிப்பைக் கணிக்க 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, பேச்சையும் மூச்சையும் வைத்தே வேகத்தை அளவிட வேண்டும். நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.