கிடாரிஸ்ட் சொந்தக் குழு தொடங்கும்போது

கேள்வி: ஜாஸ் கிடாரிஸ்ட் நான். முதல்முறையாகச் சொந்தக் குழு: கிடார், பியானோ, பாஸ், டிரம்ஸ். பியானோவும் கிடாரும் முட்டிக்கொள்கின்றன, பாட்டை முடிக்கும் இடமும் குழம்புகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: முட்டல் பெரும்பாலும் டாமினன்ட் கார்டுகளில்தான், அதாவது ஜி7 போல அடுத்த கார்டுக்கு இழுக்கும் சுரக்கூட்டுகளில். ஜி7-ல் ஒருவர் ஏ தொட, மற்றவர் ஏ பிளாட் தொட்டால் காது கூசும். பியானோ சோலோவில் (தனி வாசிப்பில்) கிடாரை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் கார்டின் 3-ஆம், 7-ஆம் சுரங்கள் இரண்டை மட்டும் டி, ஜி தந்திகளில், அடிக்கு ஒன்றாக மெல்லத் தட்டுங்கள். உங்கள் சோலோவில் முதல் கோரஸ் (பாட்டின் ஒரு முழுச் சுற்று) முழுக்கப் பியானோ சும்மா இருக்கட்டும்.

பதில் 2: பியானோ கட்டாயமா? ஜாஸ் கிடாரிஸ்ட் வெஸ் மாண்ட்கோமரி 1959-ல் ரிவர்சைட் ரெக்கார்டு நிறுவனத்தில் தன் பெயரில் செய்த முதல் ஆல்பமே கிடார், ஆர்கன், டிரம்ஸ் மூவர்தான். அருமையான அமைப்பு!

முடிவு குழம்புவது சைகை இல்லாததால். கடைசி சோலோ முடிய 8 பார் (தாள அளவு) இருக்கும்போதே தலையைத் தொட்டுக் காட்டுங்கள். மெலடிக்கு (பாட்டின் மூல மெட்டுக்கு) திரும்புகிறோம் என்று அர்த்தம். கடைசி 4 பாரை மூன்று முறை வாசித்து முடிப்பதானால் அதைத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

பதில் 3: வேகத்தையும் கவனியுங்கள். எண்ணத் தொடங்குமுன் மெலடியில் சுரங்கள் மிக நெருக்கமாக வரும் இரண்டு பாரை மனதுக்குள் பாடுங்கள். நிதானமான முதல் வரியை வைத்து எண்ணினால் வேகம் கூடி, நடுவில் விரல் ஓடாது. பின்னால் டெனர் சாக்ஸ் வாசிப்பவர் சேர்ந்தால், அவர் டி வாசிக்கும்போது சி-யாக ஒலிக்கும் என்பதால், அவருடைய தாளில் சி-யை டி என்று எழுத வேண்டும்.