புதுப்பிப்பு: கறுப்பு பெயிண்ட் அடிச்ச பழைய ஆர்கேட் கேபினெட், ரெஸ்டோர் பண்றதுன்னே முடிவாயிடுச்சு

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. என்கிட்ட இருக்கிற ஆர்கேட் கேபினெட் (காசு போட்டு ஆடுற வீடியோ கேம் பெட்டி) 1980 பேக்மேன் கேபினெட் மாதிரி இருக்கு, உள்ள ஜாமா வயரிங் (வேற வேற கேம் போர்டுகள மாட்டுறதுக்கான பொதுவான வயரிங்) போட்டு ஃபைட்டிங் கேமா மாத்தியிருக்காங்க, பழையபடி கொண்டுவரலாமா இல்ல அப்படியே ஆடலாமான்னு கேட்டிருந்தேன்.

பெயிண்ட் ரிமூவர் வேணாம், பக்கவாட்டு படம் ஸ்டென்சில் பெயிண்ட், அதுவும் சேர்ந்து கரைஞ்சிடும், ஹீட் கன்ன கம்மி சூட்டுல வச்சு பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால ஒரு மூலையில மட்டும் பாருன்னு ஒருத்தர் சொன்னாரே, அதான் வேலை செஞ்சது. கறுப்பு தோலு மாதிரி உரிஞ்சு வந்துச்சு, அடியில பேக்மேனோட பழைய மஞ்சள் பெயிண்ட் கிட்டத்தட்ட முழுசாவே இருக்கு!

எதிர்பாக்காதது, பழைய வயரிங்க வெட்டாம சுருட்டி அடியிலயே சொருகி வச்சிருக்காங்க. ஃபைட்டிங் கேமுக்காக மானிட்டர படுக்கவாட்டுல திருப்பியிருந்தாங்க, பேக்மேனுக்கு ஏத்த மாதிரி நிமிர்த்தி வைக்க பழைய துளைங்க அப்படியே இருக்கு. (கழட்டுறதுக்கு முன்னாடி பிக்சர் டியூப டிஸ்சார்ஜ் பண்ணிடுங்க, அதாவது உள்ள தங்கியிருக்கிற கரன்ட்ட வெளியேத்திடுங்க, ஆஃப் பண்ணியிருந்தாலும் ஷாக் அடிக்கும்.)

கன்ட்ரோல் பேனல்தான் தேறல, கூடுதல் பட்டனுக்கு ஓட்டை ஓட்டையா போட்டிருக்காங்க, புதுசு வாங்கணும். அடிப்பலகை ஈரத்துல உப்பியிருக்கு, அத மட்டும் வெட்டி மாத்துறேன். ஜாமா வயரிங்க தூக்கிப்போடல, தனியா எடுத்து வச்சிருக்கேன்.